கடற்கரைத் தறியும் அவுரி நீலமும்

விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தில், புதுச்சேரிக்கு வடக்கே கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி அமைந்துள்ள பொம்மையார்பாளையத்தின் ஒருபுறம் வங்கக் கடலும் மறுபுறம் ஆரோவில் அமைந்துள்ள செம்மண் மேட்டுநிலமும் இருப்பதால், அவ்வூரின் காற்றும் நீரும் மண்ணும் ஓரிரு கிலோமீட்டர் தொலைவுக்குள்ளேயே வெகுவாக மாறுபடுகின்றன. அத்தகைய ஊரில் ஒரு வீட்டின் தாழ்வாரத்தில் கைத்தறி ஒன்றை நிறுத்தி, நூலை நெய்வதற்கு முன்பே இடையிடையே கட்டிச் சாயத்தில் முக்கி, கட்டிய இடம் வெண்மையாகவும் கட்டாத இடம் நிறமேறியும் வரும்படி செய்து, அந்த நூலைக் கொண்டே துணியில் உருவத்தைப் பிறப்பிக்கும் இக்கத் முறையை அவுரி நீலத்தில் முயல விரும்புவோர் முதலில் அறிந்துகொள்ள வேண்டியது எது என்பதே இக்கட்டுரையின் பொருளாகும். தறியின் விலை, மரத்தின் தரம், வடிவத்தின் அழகு ஆகியவை பற்றிய கேள்விகளே பெரும்பாலும் முதலில் எழுகின்றன என்றாலும், பருத்தி இழைக்குள் நீர் எவ்வளவு, எவ்வழியாக, எவ்வேகத்தில் நுழைகிறது என்பதே நெசவிலும் சாயத்திலும் ஒருசேர வெற்றியையும் தோல்வியையும் தீர்மானிக்கிறது.

இக்கடற்கரைக்கு நீலத்துணி புதியதன்று. 1945ஆம் ஆண்டு மார்ட்டிமர் வீலர் புதுச்சேரிக்குத் தெற்கே அரிக்கமேட்டில் நடத்திய அகழாய்வில் வெளிப்பட்ட செங்கல் தொட்டிகளை அவர் துணிக்குச் சாயமேற்றப் பயன்பட்ட தொட்டிகள் என்று கருதினார். அதற்குப் பல நூற்றாண்டுகளுக்குப் பின்னர், பிரெஞ்சு ஆட்சிக்காலத்தில், புதுச்சேரியிலும் அதைச் சூழ்ந்த ஊர்களிலும் நெய்து அவுரியில் தோய்க்கப்பட்ட கினித் துணி என்னும் நீலத்துணி கப்பலேறி மேற்கு ஆப்பிரிக்காவின் செனகல் ஆற்றங்கரையை அடைந்தது. அங்கே வேல மரப் பிசினை விற்றவர்கள் அத்துணியையே விலையாகப் பெற்றுக்கொண்டதால், 19ஆம் நூற்றாண்டில் அது ஒருவகை நாணயமாகவே வழங்கியது. ஐரோப்பாவின் துணி அச்சு ஆலைகளில் சாயத்தைக் கெட்டியாக்கவும் துணிக்கு மெருகேற்றவும் அந்தப் பிசின் தேவைப்பட்டது என்பதை எண்ணும்போது, இக்கடற்கரைக் கிராமத்துச் சாயத்தொட்டி ஒன்று மூன்று கண்டங்களின் வணிகத்தோடு பிணைந்திருந்தது விளங்கும். 1880இல் அடால்ஃப் ஃபான் பேயர் நீலச்சாயத்தை ஆய்வகத்தில் தொகுத்து உருவாக்கி, 1883இல் அதன் மூலக்கூறு அமைப்பையும் கண்டறிந்தார். 1897இல் ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனம் செயற்கை நீலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்ததும் இந்திய அவுரி ஏற்றுமதி சில ஆண்டுகளிலேயே சரிந்தது. ஆயினும் திண்டிவனம், விழுப்புரம் வட்டாரத்தில் அவுரிச் சாகுபடி முற்றிலும் மறைந்துவிடவில்லை என்பதும், ஆரோவில்லில் 1993இல் தொடங்கப்பட்ட ‘கலர்ஸ் ஆஃப் நேச்சர்’ என்னும் சாயக்கூடம் நொதிக்கவைத்த அவுரித் தொட்டிகளைக் கொண்டு பருத்திக்கு நீலமேற்றும் பழைய முறையை மீட்டெடுத்தது என்பதும் வீட்டுநெசவைத் தொடங்குவோர்க்குப் பெரும் வாய்ப்பாகும். மூலப்பொருளும் அதைக் கையாளும் அறிவும் ஒரு நாள் பயணத்துக்குள் கிடைக்கும் இடங்கள் இந்தியாவில் மிகுதியாக இல்லை.

இனி நீருக்கு வருவோம். பருத்தி இழை செல்லுலோஸ் என்னும் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளால் ஆனது. அச்சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் நீரை ஈர்த்துப் பிடிக்கும் ஹைட்ராக்சில் தொகுதிகள் மூன்று உள்ளன. இதனால் முற்றிலும் உலர்ந்த 100 கிராம் பருத்தி, ஒப்பு ஈரப்பதம் 65 விழுக்காடாக உள்ள காற்றில் வைக்கப்பட்டால் ஏறத்தாழ 8.5 கிராம் நீரைத் தானாகவே ஏற்றுக்கொள்கிறது. ஒப்பு ஈரப்பதம் என்பது, ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையில் காற்று தாங்கக்கூடிய அதிகபட்ச நீராவியில் எத்தனை விழுக்காடு அக்காற்றில் உண்மையில் உள்ளது என்பதைக் குறிக்கும் அளவாகும். செயற்கைப் பட்டு எனப்படும் விஸ்கோஸ் இழை நனைந்தால் தன் வலிமையில் பெரும்பகுதியை இழந்துவிட, பருத்தியோ நனையும்போது வலுப்பெறுகிறது என்பது நெசவாளர்க்கு இயற்கை அளித்துள்ள பெருங்கொடை. இழைக்குள் புகும் நீர் அதன் உள்ளிறுக்கங்களைத் தளர்த்தி, சுமையை எல்லா நுண்ணிழைகளும் பகிர்ந்துகொள்ளச் செய்வதே அதற்குக் காரணம். தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டப்படும் பாவு நூல், ஒவ்வொரு மிதிக்கும் மேலும் கீழுமாக இழுபட்டு, ஒவ்வோர் அடிக்கும் அச்சின் பற்களுக்கிடையே உராய்ந்து, ஆயிரக்கணக்கான முறை இந்தத் துன்பத்தைத் தாங்கிய பின்னரே துணியாகிறது என்பதால், அதன் வலிமையில் ஏற்படும் பத்து விழுக்காட்டு வேறுபாடுகூட ஒரு நாளில் எத்தனை இழை அறும் என்பதை மாற்றிவிடும்.

குழித்தறி இந்த உண்மையை ஒட்டி உருவான அமைப்பு. நெசவாளர் தரையில் தோண்டிய குழிக்குள் கால்களை விட்டு, குழியில் உள்ள மிதிகளை இயக்க, பாவு தரைக்குச் சற்று மேலே மட்டுமே விரிந்திருக்கும். மண்ணிலிருந்து எழும் ஈரம் இடைவிடாமல் இழைகளைத் தொட்டுக்கொண்டிருக்கும். உள்நாட்டு வறண்ட ஊர்களில் இது மிகச்சிறந்த ஏற்பாடு. கடலோரத்திலோ காற்றே போதுமான ஈரத்தைக் கொண்டுவருவதாலும், மணற்பாங்கான நிலத்தில் ஐப்பசி, கார்த்திகை மழைக்கு நிலத்தடி நீர் மேலெழுந்து குழிக்குள் ஊறக்கூடும் என்பதாலும், பொம்மையார்பாளையத்தின் கடலையொட்டிய தெருக்களில் தரைக்கு மேல் மரச்சட்டங்களால் நிற்கும் சட்டத்தறியே பொருத்தமானது. மேற்கே செம்மண் மேட்டில் உள்ள வீடுகளுக்குக் குழித்தறியும் ஏற்கும். தறியைக் கடலை நோக்கிய சன்னலுக்கு நேரெதிரே வைப்பது பார்வைக்கு இனிதாக இருந்தாலும் தொழிலுக்கு உகந்ததன்று. கடற்காற்றோடு வரும் நுண்ணிய உப்புத்துளிகள் நூலிலும் இரும்பிலும் படிகின்றன. சமையலுப்பு காற்றின் ஒப்பு ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டும்போது நீரை உறிஞ்சிக் கரையத் தொடங்கும். கடலுப்பில் கலந்துள்ள மக்னீசியம் குளோரைடோ அதைவிட மிகக் குறைந்த ஈரத்திலேயே கசியும். ஆகவே உப்புப் படிந்த அச்சின் எஃகுப் பற்கள் துருப்பிடித்து, அத்துரு வெண்ணூலில் பழுப்புக் கறையாக இறங்கிவிடும். அக்கறை சாதாரணச் சலவைக்குப் போவதில்லை. துருப்பிடிக்காத எஃகில் செய்த அச்சும், கம்பிக்குப் பதிலாக நூலில் கட்டிய விழுதும் இக்கடற்கரையில் கூடுதல் செலவாகத் தோன்றினாலும் கட்டாயத் தேவைகளே. (விழுது என்பது ஒவ்வொரு பாவு இழையையும் தன் கண்ணில் தாங்கி மேலேயும் கீழேயும் கொண்டுசெல்லும் உறுப்பு, அச்சு என்பது இழைகளைச் சமதொலைவில் பிரித்து நிறுத்தி, குறுக்கே ஓடிய ஊடையைத் துணியோடு சேர்த்து அடிக்கும் சீப்புப் போன்ற உறுப்பு.)

கடலோரக் காற்று நாள் முழுதும் ஒரே தன்மையுடையது என்று கொள்வதும் பிழை. ஆனி, ஆடி மாதங்களில் காலை முழுவதும் மேற்கிலிருந்து வறண்ட நிலக்காற்று வீச, நண்பகலுக்குப் பின் கடற்காற்று நுழைந்ததும் ஈரப்பதம் சட்டென உயர்கிறது. பருத்தி நூல் ஈரத்துக்கேற்பத் தன் நீளத்தையும் விறைப்பையும் சற்று மாற்றிக்கொள்வதால், காலையில் சரியாக இழுத்துக் கட்டிய பாவு பிற்பகலில் வேறு இழுவிசையில் நிற்கும். அப்போதும் அதே வேகத்தில் அடித்தால் ஊடையின் நெருக்கம் மாறி, துணியில் குறுக்குப் பட்டையாகத் தெரியும். விலை குறைந்த ஈரமானி ஒன்றைத் தறியின் மேல் தொங்கவிட்டு, அது காட்டும் அளவு மாறும்போதெல்லாம் பாவின் இழுவிசையைக் கையால் அழுத்திப் பார்ப்பது, எந்தப் புத்தகமும் கற்றுத்தர முடியாத பயிற்சியைச் சில வாரங்களில் தந்துவிடும்.

நூலைத் தேர்ந்தெடுப்பதில் சிறிய கணக்கு ஒன்று உண்டு. 840 கஜம் நீளமுள்ள நூல் ஒரு சிட்டம் எனப்படும். ஒரு பவுண்டு எடையில் அத்தகைய எத்தனை சிட்டங்கள் உள்ளனவோ அதுவே அந்நூலின் நம்பர். எனவே நம்பர் உயர உயர நூல் மெலிகிறது. 40ஆம் நம்பர் நூல் இரண்டை முறுக்கிச் சேர்த்த 2/40 நூல் பருமனில் 20ஆம் நம்பருக்கு ஈடாகும்; ஒற்றை நூலைவிட உராய்வைத் தாங்கும் ஆற்றல் இதற்கு அதிகம் என்பதால், புதிதாகத் தொடங்குவோர்க்கு இதுவே பாதுகாப்பானது. 20 அங்குல அகலத்தில், அங்குலத்துக்கு 48 இழை வீதம் 960 இழைகள் கொண்ட பாவை 6 மீட்டர் நீளத்துக்கு ஓட்டினால், மொத்தம் 5,760 மீட்டர் நூலும், எடையில் ஏறத்தாழ 170 கிராமும் ஆகும். அங்குலத்துக்கு 40 ஊடை வீதம் அதில் 5 மீட்டர் நெய்வதற்கு மேலும் 120 கிராமுக்குச் சற்று அதிகமாக நூல் வேண்டும். ஆக, இரண்டு மேல்துண்டுகளுக்கான முழு முயற்சிக்கும் தேவைப்படுவது 300 கிராம் நூலே. முதல் முயற்சியிலேயே புடவை அகலத்தில் பாவு போட்டுத் திணறுவோர் பலர் உளர் என்பதால் இக்கணக்கு இங்கே விரிவாகத் தரப்பட்டது.

பாவு நூலுக்குக் கஞ்சியூட்டுவதைப் பாவு தோய்தல் என்பர். வடித்த அரிசிக் கஞ்சி நூலின் மேல் மெல்லிய படலமாகப் படிந்து, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நுண்மயிர்களை உடலோடு ஒட்டவைத்து, அச்சின் உராய்விலிருந்து அதைக் காக்கிறது. தமிழகத்து நெசவாளர் தெருக்களில் இவ்வேலை விடியற்காலையில் நடைபெற்று வந்ததற்கு வெயிலுக்கு அஞ்சுவது மட்டும் காரணமன்று. காற்றின் ஈரம் மிகுந்த அந்நேரத்தில் கஞ்சி மெதுவாக உலர்வதால் படலம் நூல் முழுவதும் சீராகப் பரவுகிறது, இழைகள் ஒன்றோடொன்று ஒட்டுவதற்கு முன் அவற்றைத் தூரிகையால் பிரித்துவிடவும் அவகாசம் கிடைக்கிறது. மாவுச்சத்துப் படலம் ஈரமிருக்கும்வரை வளையும். அதிகமாக உலர்ந்தால் நொறுங்கித் தூளாக உதிரும். கஞ்சியில் சிறிதளவு எண்ணெய் சேர்ப்பது இந்த நொறுங்குதன்மையைக் குறைப்பதற்கே. ஈரம் மிகுந்துவிட்டாலோ, மழைக்காலக் கடற்கரையில் எளிதில் நேர்வதைப் போல, கஞ்சி ஊட்டிய பாவில் பூஞ்சை பிடிக்கும். எனவே ஐப்பசி முதல் மார்கழி வரை ஒரு வாரத்துக்குள் நெய்து முடிக்கக்கூடிய அளவுக்கே பாவு தோய்ப்பது நல்லது.

அவுரியின் வேதியியல் பெரும்பாலான பிற சாயங்களின் வேதியியலிலிருந்து அடிப்படையிலேயே வேறானது. பயறு வகைக் குடும்பத்தைச் சேர்ந்த அவுரிச் செடியின் பச்சை இலையில் நீலமே கிடையாது. அதில் இருப்பது இண்டிக்கன் என்னும் நிறமற்ற பொருள். இலைகளை நீரில் ஊறவைக்கும்போது இலையில் உள்ள நொதியே இண்டிக்கனைச் சிதைத்து, சர்க்கரையையும் இண்டாக்சில் என்னும் மற்றொரு பொருளையும் பிரிக்கிறது. அந்நீரை வடித்து, காற்றுப் படும்படி நெடுநேரம் கலக்கி அடித்தால், ஆக்சிஜனின் உதவியால் இண்டாக்சில் மூலக்கூறுகள் இரண்டிரண்டாக இணைந்து இண்டிகோட்டின் என்னும் நீலப்பொருளாக மாறி அடியில் படிகின்றன. அப்படிவை வடிகட்டி, உலர்த்திக் கட்டிகளாக வெட்டியதே சந்தைக்கு வரும் நீலம். பழைய சோழமண்டலக் கரையில் இலையை முதலில் உலர்த்தி வைத்துக்கொண்டு பின்னர் ஊறவைக்கும் முறையும் பரவலாக வழங்கியது. சாறு எடுத்தபின் எஞ்சும் இலைச்சக்கையும், வேர்முடிச்சுகளில் உள்ள நுண்ணுயிரிகள் மண்ணில் சேர்க்கும் நைட்ரஜனும் அடுத்த பயிருக்கு உரமாவதால், அவுரி நிலத்தை வறிதாக்கும் பயிர் என்ற அச்சம் பொருந்தாது. வங்கத்திலும் பீகாரிலும் உழவர்களை வாட்டியது தோட்ட முதலாளிகளின் கட்டாயச் சாகுபடி முறையே. செடியின் மீது அப்பழியைச் சுமத்துவது நியாயமாகாது.

இவ்வாறு கிடைத்த நீலம் நீரில் கரையாது. கரையாத பொருள் இழைக்குள் நுழைய முடியாது. இச்சிக்கலுக்கு உலகெங்கும் சாயத் தொழிலாளர்கள் கண்ட தீர்வு ஒன்றே: காரத்தன்மை உள்ள நீரில், ஆக்சிஜன் இல்லாத நிலையில், நீலத்துக்கு எலக்ட்ரான்களைக் கொடுத்து அதை ஒடுக்கினால், அது மஞ்சள் கலந்த பச்சை நிறமுடைய, நீரில் கரையக்கூடிய வெண்நீலம் என்னும் வடிவத்தைப் பெறும், அவ்வடிவில் இழைக்குள் புகுந்தபின் நூலை வெளியே எடுத்துக் காற்றில் பிடித்தால், ஆக்சிஜன் அந்த எலக்ட்ரான்களைத் திரும்பப் பறித்துக்கொள்ள, கரையாத நீலம் இழைக்குள்ளேயே மறுபடி பிறந்து சிறைப்படும். பச்சையாக வெளிவரும் நூல் கண்ணெதிரே நீலமாக மாறும் அந்தச் சில நிமிடங்கள், வேதிவினை ஒன்றைக் கருவியின்றிக் காணக் கிடைக்கும் மிக அழகிய வாய்ப்புகளுள் ஒன்று.

ஒடுக்கும் வேலையை ஆலைகள் சோடியம் ஹைட்ரோசல்பைட் என்னும் உப்பைக் கொண்டு விரைவாக முடித்துவிடுகின்றன. தென்னிந்தியாவின் பழைய முறையில் அதை நுண்ணுயிரிகள் செய்கின்றன. தகரை விதையை வேகவைத்துக் குழைத்து, அரைத்த நீலத்தோடும் சுண்ணாம்போடும் சேர்த்து மூடிய தொட்டியில் சில நாள் வைத்தால், காரநீரில் வாழப் பழகிய நுண்ணுயிரிகள் அவ்விதையின் சத்தை உண்டு பெருகி, தம் உயிர்ச்செயலின்போது விடுபடும் எலக்ட்ரான்களை நீலத்துக்கு அளிக்கின்றன. ஐரோப்பாவின் இடைக்காலச் சாயத்தொட்டிகளை மீண்டும் செய்துபார்த்தபோது அவற்றிலிருந்து ‘குளோஸ்டிரிடியம் ஐசாட்டிடிஸ்’ என்னும் நுண்ணுயிரி பிரித்தெடுக்கப்பட்டது. ஜப்பானின் நொதித்த அவுரித் தொட்டிகளிலிருந்தும் காரநீர் விரும்பும் வேறு சில இனங்கள் கண்டறியப்பட்டுள்ளன. குளிர்நாடுகளில் இத்தொட்டிகளை அடுப்பின்மேல் வைத்தோ எருக்குவியலில் புதைத்தோ வெப்பமூட்ட வேண்டியிருக்க, பொம்மையார்பாளையத்தில் ஆண்டின் பெரும்பகுதியும் நிலவும் 28 முதல் 35 பாகை செல்சியஸ் வெப்பமே நொதித்தலுக்குப் போதுமானது.

நொதித்த தொட்டியைப் பேணுவது பெரும்பாலும் அதன் காரத்தன்மையைப் பேணுவதே. காரத்தையும் அமிலத்தையும் அளக்கும் பி.எச். அளவுகோலில் 7 நடுநிலை. அதற்கு மேல் காரம். பருத்திக்கு வெண்நீலம் மிகச் சிறப்பாகப் பற்றுவது 10.5 முதல் 11.5 வரையிலான நிலையில். நுண்ணுயிரிகள் தம் உணவைச் செரிக்கும்போது அமிலங்களை வெளியிடுவதால் இந்த எண் நாள்தோறும் மெல்ல இறங்கும். 9க்குக் கீழே இறங்கினால் வெண்நீலம் கரைசலிலிருந்து பிரியத் தொடங்கிச் சாயம் பற்றாது, சுண்ணாம்பை அள்ளிப்போட்டு மிக உயர்த்திவிட்டால் நுண்ணுயிரிகளே மடிந்துவிடும். எனவே பி.எச். தாளால் நாள்தோறும் சோதித்து, சிறிது சிறிதாகச் சுண்ணாம்பும், சில நாளுக்கு ஒருமுறை தகரை விதைக் கூழும் சேர்த்து வந்தால் ஒரே தொட்டி மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். மேற்பரப்பில் செம்பின் மினுக்கோடு நீலப் படலமும், அதை விலக்கினால் அடியில் மஞ்சட்பச்சை நீரும் தெரிவது தொட்டி நலமாக இருப்பதன் அடையாளம். சுண்ணாம்பு நீர் கண்ணையும் தோலையும் புண்ணாக்கக்கூடியது என்பதால் கையுறை இன்றித் தொட்டியில் கைவிடுவதும், சிறுவர் எட்டும் இடத்தில் தொட்டியைத் திறந்து வைப்பதும் கூடாது.

இக்கத் முறையைப் பாவிலும் செய்யலாம், ஊடையிலும் செய்யலாம், குஜராத்தின் பாட்டன் நகரத்துப் படோலாவில் உள்ளதுபோல இரண்டிலும் ஒருங்கே செய்யலாம். ஒடிசாவிலும் தெலங்கானாவின் போச்சம்பள்ளியிலும் குடும்பங்கள் பல தலைமுறைகளாகப் பயின்ற இக்கலையில் வீட்டுத்தறியாளர் அடியெடுத்து வைக்க ஊடையே ஏற்ற வாயில். பாவில் பிழை நேர்ந்தால் அது ஆறு மீட்டரும் தொடரும். ஊடையில் நேர்ந்த பிழையை அந்த ஓர் இழையைப் பிடுங்கிவிட்டுத் திருத்தலாம். பாவு உராய்வைத் தாங்க வேண்டியிருப்பதால், மேலடுக்கில் மட்டும் நிறம் படியும் இயல்புடைய அவுரி நூல் அங்கே தேய்ந்து வெளிறவும் கூடும். ஜீன்ஸ் துணி மடிப்புகளில் வெளுப்பது இதே இயல்பினால்தான்.

செய்முறை இவ்வாறு அமையும். கச்சா நூலின் மேல் இயற்கையாகவே மெழுகும் பெக்டினும் படிந்திருப்பதால் அது நீரைத் தள்ளும். சலவை சோடா கலந்த நீரில் அதை நன்கு கொதிக்கவைத்து அலசிய பின், உலர்ந்த நூலின் மேல் விடும் நீர்த்துளி நொடிப்பொழுதில் உறிஞ்சப்பட வேண்டும். கொதிக்கவைக்கும்போதே நூல் சுருங்க வேண்டிய அளவு சுருங்கிவிடுவதால், பின்னர் சாயத்தொட்டியில் அதன் நீளம் மாறுவதில்லை. கணக்குப் பிசகாமல் இருப்பதற்கு இதுவும் இன்றியமையாதது. அதன்பின் இரு முளைகள் அடித்த சட்டத்தில், முளைகளுக்கிடையிலான தொலைவு அச்சில் பாவு விரியும் அகலத்துக்கு இம்மி பிசகாமல் ஒத்திருக்குமாறு அமைத்து, ஊடை நூலை முன்னும் பின்னுமாகச் சுற்ற வேண்டும். நெய்த துணியின் அகலத்தை இங்கே அளவாகக் கொள்ளக்கூடாது. தறியிலிருந்து இறக்கிய துணி, இழைகள் ஒன்றையொன்று வளைந்து கடப்பதாலும் இழுவிசை நீங்குவதாலும், அச்சில் இருந்த அகலத்தைவிடச் சில விழுக்காடு குறுகியே இருக்கும்.

சுற்றிய நூற்கற்றையில் வெள்ளையாக நிற்க வேண்டிய இடங்களைச் சைக்கிள் டியூபிலிருந்து வெட்டிய ரப்பர் நாடாவால் இறுக்கிக் கட்டுவது இன்று பரவலான வழக்கம். கட்டுக்கு வெளியே உள்ள சாயம் கட்டுக்குள் ஊர்ந்து புகாமல் தடுப்பதில்தான் நீரைப் பற்றிய அறிவு முழுப் பயனைத் தருகிறது. உலர்ந்த நூலின் இழைகளுக்கிடையே உள்ள நுண்ணிய இடைவெளிகள் நுண்குழாய்களாகச் செயல்பட்டு, விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதைப் போலச் சாயநீரை இழுத்துக்கொள்ளும். சில நிமிடங்களில் அது சென்டிமீட்டர் கணக்கில் பரவிவிடும். மாறாக, கட்டிய கற்றையை முதலில் வெறும் நீரில் நெடுநேரம் ஊறவைத்துவிட்டால் அந்த இடைவெளிகள் யாவும் ஏற்கெனவே நீரால் நிரம்பியிருக்கும். இழுவைக்கு இடமின்மையால் சாய மூலக்கூறுகள் மெல்லப் பரவுதல் ஒன்றினால் மட்டுமே உள்ளே செல்ல முடியும். அவ்வேகத்தைக் கணக்கிட்டால், ஐந்து நிமிட முக்கலில் சாயம் கட்டுக்குள் நகரும் தொலைவு ஒரு மில்லிமீட்டரையும் எட்டாது. கட்டு எவ்வளவு இறுக்கம் என்பதைவிட, முக்குவதற்கு முன் நூல் எவ்வளவு முழுமையாக நனைந்திருந்தது என்பதே வடிவத்தின் விளிம்பைக் கூர்மையாக்குகிறது என்று துணிந்து கூறலாம்.

தொட்டிக்குள் நூலை இறக்கும்போது காற்றுக்குமிழி நுழையாமலும், எடுக்கும்போது சாயநீர் மேலே விழுந்து தெறிக்காமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். உள்ளே செல்லும் ஒவ்வொரு குமிழியும் ஒடுக்கப்பட்ட நீலத்தின் ஒரு பகுதியைத் திரும்பக் கரையாத பொருளாக்கி வீணடிக்கிறது. ஐந்து நிமிடம் முக்கி, பத்துப் பதினைந்து நிமிடம் காற்றில் விரித்து, மீண்டும் முக்குவது என்னும் முறையில் நிறம் அடுக்கடுக்காக ஏறும். ஒரே முறையில் ஒரு மணிநேரம் ஊறவைப்பதால் இப்பயன் கிட்டாது; முன்பு படிந்த நீலமே மறுபடி ஒடுக்கப்பட்டுத் தொட்டிக்குள் கரைந்து போகவும் வாய்ப்புண்டு. வேண்டிய ஆழம் வந்தபின் நன்கு அலசி, சில துளி காடி கலந்த நீரில் ஒருமுறை முக்கி எஞ்சிய காரத்தைப் போக்கி, மறுபடி நீரில் அலசி, நிழலில் உலர்த்தி, அதன் பின்னரே கட்டுகளை அவிழ்க்க வேண்டும்.

நெய்யும்போது எழும் சிக்கல் கணிதச் சிக்கலே. தார்க்குச்சியில் சுற்றி, பாவின் குறுக்கே ஓடும் நாடாவில் பொருத்திய நூல், ஒவ்வோர் ஓட்டத்திலும் வடிவத்தின் அடுத்த வரியைத் துணியில் இடுகிறது. ஒவ்வோர் ஊடையும் 0.2 மில்லிமீட்டர் மட்டுமே கூடுதலாக ஓடினாலும், 100 ஊடைகளில், அதாவது இரண்டரை அங்குலத் துணிக்குள், உருவம் 20 மில்லிமீட்டர் நகர்ந்துவிடும். எனவே துணியின் ஓரக் கரையில் நூலை விரலால் சற்று இழுத்தோ தளர்த்தியோ நெசவாளர் ஒவ்வொரு வரியையும் நேர்செய்கிறார். இக்கத் துணியின் விளிம்புகள் இறகுபோல் மங்கித் தெரிவதும், கரையில் சிறு நூல்வளையங்கள் காணப்படுவதும் இத்திருத்தத்தின் சுவடுகளே. பிற்பகலில் ஈரம் உயர்ந்து பாவின் இழுவிசை மாறும் அக்கடற்கரையில், ஒரு வடிவத்தின் தொடக்கமும் முடிவும் ஒரே அமர்வில் அமையும்படி திட்டமிட்டால் இப்பிழை வெகுவாகக் குறையும்.

நீரைப் பெறுவது பற்றியும் விடுவது பற்றியும் கூறாமல் இதை முடிக்க இயலாது. கடலையொட்டிய கிணறுகளின் நீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து நூலில் பசையாகப் படியும். இரும்புச்சத்து நிறத்தை மங்கச்செய்யும். கூரையில் விழும் மழைநீரைத் தொட்டியில் சேமித்து நூல் கொதிக்கவைக்கவும் சாயத்தொட்டி அமைக்கவும் பயன்படுத்துவது இரு குறைகளையும் நீக்கும். அலசிய காரநீரை அப்படியே மணலில் ஊற்றினால் அது அண்டைவீட்டுக் கிணற்றுக்கும் போய்ச்சேரும் என்பதை மறக்கலாகாது. காடியால் நடுநிலையாக்கி, நீலம் அடியில் படிந்தபின் தெளிந்த நீரை மட்டும் வெளியேற்றுவதும், படிந்த நீலத்தை மீண்டும் தொட்டிக்கே திருப்புவதும் வேண்டும். நொதித்த தொட்டி ஹைட்ரோசல்பைட் தொட்டியைவிட மேலானது என்று கூறுவதற்குரிய முதன்மைக் காரணமும் இதுவே: பயன்படுத்தித் தீர்ந்த கந்தக உப்புகளை அது நிலத்தடிக்கு அனுப்புவதில்லை.

2019–20ஆம் ஆண்டுக் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 31 லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் கைத்தறித் தொழிலில் உள்ளன; அவர்களிற் பெரும்பாலோர் வீட்டிலேயே நெய்கின்றனர். விழுப்புரம் மாவட்டத்திலேயே சிறுவந்தாடு பட்டு நெசவுக்குப் பெயர்பெற்ற ஊர். ஆகவே பொம்மையார்பாளையத்தில் புதிதாகத் தறி நிறுத்துவோர் தனித்துத் தொடங்குவோர் அல்லர். பாவு ஓட்டவும் பிணைக்கவும் கற்றுத்தரும் கைகள் அருகிலேயே உள்ளன, காஞ்சிபுரத்தில் மைய அரசின் நெசவாளர் சேவை மையமும் உள்ளது. மழை ஓய்ந்து, காற்றில் ஈரம் அளவோடு நிலவும் தை மாதத்தில் 20 அங்குல அகலப் பாவோடும் ஒரு சிறு தொட்டியோடும் தொடங்குங்கள். அவுரியைத் திண்டிவனம் வட்டாரத்தில் விளைந்ததா என்று கேட்டு வாங்குங்கள். நெய்த முதல் துணியை ஈர வெள்ளைத்துணியால் தேய்த்துப் பாருங்கள். நீலம் ஒட்டினால் அலசல் போதவில்லை என்று பொருள், அடுத்த சிட்டத்தை இன்னும் இருமுறை அலசிய பின்னரே தறிக்குக் கொண்டுவாருங்கள்.